முட்டி எக்ஸ்ரேயில் ‘கிரேடு 3’ என்று வந்தால்

பள்ளிவாசல்களில் நாற்காலிகள் கூடிக்கொண்டே போகின்றன. ஸுஜூதிலிருந்து எழ முடியாத முட்டிவலிதான் பெரும்பாலும் காரணம். எக்ஸ்ரே ரிப்போர்ட்டில் ‘கிரேடு 3’ என்று கண்டதும், உம்மாவுக்கு இனி ஆபரேஷன்தான் என்று வீடே கலங்கிவிடுகிறது.

1957இல் கெல்கிரென், லாரன்ஸ் என்ற இரு மருத்துவர்கள் வகுத்த, 0 முதல் 4 வரையிலான அளவுகோல் அது. எக்ஸ்ரேயில் எலும்பு தெரியும், குருத்தெலும்பு தெரியாது. எலும்புகளுக்கு நடுவே இடைவெளி குறைந்திருப்பதையும் ஓரங்களில் எலும்பு முளைத்திருப்பதையும் வைத்தே தேய்மானத்தைக் கணிக்கிறார்கள். நின்றபடி எடுத்த படத்தில்தான் அந்த இடைவெளி சரியாகத் தெரியும். ஆனால் வலி எந்தப் படத்திலும் தெரியாது. கிரேடு 3 உள்ளவர் மாடியேறி இறங்குவதும் உண்டு, கிரேடு 1 உள்ளவர் துடிப்பதும் உண்டு.

ஆகவே முதல் மருந்து தொடைத் தசைப் பயிற்சி. நாற்காலியில் அமர்ந்து காலை நேராக நீட்டி, சில விநாடி நிறுத்தி இறக்க வேண்டும். வலிக்கு அஞ்சி அசையாமல் இருந்தால் தசை மெலிந்து வலி கூடும். எடையில் 1 கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முட்டியின் சுமை ஏறத்தாழ 4 கிலோ குறைகிறது. (நம் வலீமா விருந்துகளைப் பற்றித் தனியே எழுத வேண்டும்!) வலிக்கு டைக்ளோஃபினாக் ஜெல் தடவலாம். மெடிக்கலில் தாமாக மாத்திரை வாங்கி மாதக்கணக்கில் விழுங்குவது இரைப்பையையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். ஸ்டீராய்டு ஊசி சில வாரங்களுக்கே தாங்கும்.

இவ்வளவும் செய்து சில மாதங்கள் ஆகியும் வலி தூங்கவிடாவிட்டால் அறுவை சிகிச்சை பற்றி மருத்துவரிடம் பேசலாம். முட்டி சிவந்து வீங்கிக் காய்ச்சலும் வந்தால் அன்றே காட்ட வேண்டும்.

அதுவரை தொழுகை? மூலநோயுற்ற இம்ரான் பின் ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு, நிற்க இயலாவிட்டால் அமர்ந்து தொழ நபி (ஸல்) அவர்கள் அனுமதித்த செய்தி புகாரியில் இருக்கிறது.