ரிப்போர்ட்டில் 'எஸ்', புண் மட்டும் ஆறவில்லை

நவம்பர் 18 முதல் 24 வரை உலக மருந்தெதிர்ப்பு விழிப்புணர்வு வாரம். பதாகை கட்டுவார்கள், உறுதிமொழி எடுப்பார்கள். அதற்குள் வாசகர் கடிதங்களுக்குப் பதில் எழுதிவிட வேண்டும் என்பது ஆசிரியரின் கெடு. காரைக்கால், திருநள்ளாறு பக்கமிருந்து வந்த கடிதங்களில் கேள்வி ஏறக்குறைய ஒன்றேதான். கல்ச்சர் ரிப்போர்ட்டில் மருந்துக்கு நேரே 'எஸ்' என்றிருந்தது; அதையே ஊசியில் ஏற்றினார்கள்; காய்ச்சல் விட்டது; மருந்தை நிறுத்தியதும் திரும்ப வந்துவிட்டது. லேப் தப்பா, மருந்து போலியா?

பெரும்பாலும் இரண்டும் இல்லை. 'எஸ்' என்றால் கிருமி அடங்கும், 'ஆர்' என்றால் அடங்காது என்பது ரிப்போர்ட் வாங்கியவர்களுக்கெல்லாம் தெரியும். எங்கே அடங்கும் என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை.

சிறுநீர்க் குழாய், டயாலிசிஸ் குழாய், எலும்புக்குள் வைத்த பிளேட், நாள்பட்ட சர்க்கரைப் புண் போன்ற இடங்களில் கிருமிகள் ஒட்டிக்கொண்டு, தங்களைச் சுற்றி ஒரு கொழகொழப்பைச் சுரந்து மூடிக்கொள்கின்றன. டாக்டர்கள் பயோஃபிலிம் என்பது இதைத்தான், தமிழில் உயிர்ப்படலம். கோயில் குளத்துப் படியில் காலை வாரிவிடும் வழுவழுப்பும் இதே இனம். படலத்தின் மேல்பக்கம் இருக்கும் கிருமிக்கு உணவு கிடைக்கிறது. அடியில் இருப்பது பட்டினியில் வளர்ச்சியை நிறுத்தி, ஏறக்குறைய உறங்கிவிடுகிறது. பெனிசிலின் வகை மருந்துகள், கிருமி தன் சுவரைக் கட்டும் நேரத்தில் புகுந்து கெடுப்பவை. கட்டுமானமே நடக்காதபோது கெடுக்க என்ன இருக்கிறது? படலத்துக்குள் உள்ளதைக் கொல்ல நூறு மடங்கு, சில சமயம் ஆயிரம் மடங்கு மருந்து தேவைப்படுவதை ஆய்வகங்களில் கண்டிருக்கிறார்கள். அவ்வளவையும் மனித உடம்பில் ஏற்ற முடியாது.

இனிதான் என்னை உறுத்தும் விஷயம். மாதிரி லேப்புக்குப் போனதும் முதலில் சத்துள்ள தட்டில் போட்டு, 35 டிகிரி சூட்டில் வளர்க்கிறார்கள். உறங்கிய கிருமி விழிக்கிறது, தின்கிறது, பெருகுகிறது. அதில் கொஞ்சம் எடுத்துக் கலக்கி, இன்னொரு தட்டில் தடவி, மருந்து தோய்ந்த வில்லைகளை வைக்கிறார்கள். 16 முதல் 18 மணி நேரம் கழித்து, வில்லையைச் சுற்றிக் கிருமி வளராத வட்டத்தை மில்லிமீட்டரில் அளக்கிறார்கள். 1966-இல் பாவரும் கிர்பியும் ஒழுங்குபடுத்திய முறை இது. இன்றும் ஊர் ஊராக நடப்பது. இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, ஒன்றைத் தவிர: எந்த நிலையில் இருந்ததால் கிருமி தப்பித்ததோ, அந்த நிலையைச் சோதனையே அழித்துவிடுகிறது. லேப் சொல்வது உண்மை. ஆனால் அது உங்கள் குழாயில் இருக்கும் கிருமியைப் பற்றியதல்ல, அதன் விழித்தெழுந்த வாரிசைப் பற்றியது.

1944-லேயே அயர்லாந்தின் ஜோசப் பிக்கர் இதன் ஒரு முனையைப் பிடித்துவிட்டார். பெனிசிலின் ஊற்றியும் சில ஸ்டெஃபைலோகாக்கஸ் கிருமிகள் சாகவில்லை. அவற்றை எடுத்து வளர்த்துப் பார்த்தார். வாரிசுகள் அதே பெனிசிலினில் பழையபடி செத்தன. அதாவது, அது பரம்பரை எதிர்ப்பு இல்லை.

இதனால் அரசாங்கக் கணக்கில் ஒரு ஓட்டை விழுகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) 2013-இல் தொடங்கிய கண்காணிப்பு வலையமைப்பில் புதுச்சேரி ஜிப்மரும் ஒரு மையம். அங்கே 'மருந்தெதிர்ப்பு' என்றால் தட்டில் 'ஆர்' வந்த கிருமி. 'எஸ்' வந்தும் ஆறாத புண் அந்தக் கணக்கில் எதிர்ப்பாகவே சேராது. மருந்தெதிர்ப்போடு தொடர்புள்ள சாவுகளை 2030-க்குள் பத்து விழுக்காடு குறைப்போம் என்று 2024-இல் ஐ.நா.வில் நாடுகள் ஒப்புக்கொண்டன. குறைந்ததா என்று எந்தக் கண்ணாடி போட்டுப் பார்ப்பார்கள் என்பதைக் கேட்டு வைப்பது நல்லது.

படலத்தையே சோதிக்க முடியாதா? முடியும். 1999-இல் கனடாவின் கால்கரி பல்கலைக்கழகத்தில் ஹோவர்ட் செரி குழு செய்த கருவி கெட்டிக்காரத்தனமானது. மூடியில் 96 சிறு முளைகள். முளைகளில் படலம் வளர்த்து, மூடியை அப்படியே தூக்கி வெவ்வேறு மருந்துக் குழிகளில் முக்கி எடுக்கலாம். பிறகு ஒலி அதிர்வால் உதிர்த்து, எது பிழைத்தது என்று பார்ப்பார்கள். ஆனால் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பரம்பரை நுரையீரல் நோய் உள்ளவர்களிடம் இதை வைத்து மருந்து தேர்ந்த சோதனைகளில், வழக்கமான முறையைவிட நோயாளி தேறியதாகத் தெரியவில்லை. எந்த அளவு வரை 'எஸ்' என்பதற்கு ஒப்புக்கொண்ட எல்லைக்கோடும் படலத்துக்கு இன்னும் இல்லை.

இனி, கடிதங்களில் வந்த மற்றக் கேள்விகள். 'பயோஃபிலிம் பாசிடிவ்' என்று சில ரிப்போர்ட்டில் வருகிறதே? காங்கோ ரெட் தட்டில் கிருமி கறுத்தால் அப்படி எழுதுகிறார்கள். படலம் கட்டும் திறமை உண்டு என்பதற்கு மேல் அதில் மருந்து பற்றி ஒரு சொல்லும் இல்லை.

அப்பாவுக்கு மாதக்கணக்கில் சிறுநீர்க் குழாய். கல்ச்சரில் எப்போதும் கிருமி வருகிறது? நாளுக்கு 3 முதல் 7 விழுக்காடு வரை வாய்ப்பு கூடிக்கொண்டே போகும், மாதம் ஒன்றானால் ஏறக்குறைய எல்லாருக்கும் வரும். காய்ச்சலோ வேறு தொல்லையோ இல்லையென்றால் பொதுவாக மருந்து தேவையில்லை.

காய்ச்சல் வந்தால்? குழாய் இரண்டு வாரத்துக்கு மேல் பழையதானால் அதை மாற்றிவிட்டு, புதுக் குழாயிலிருந்து மாதிரி எடுக்கச் சொல்லுங்கள். பழையதில் எடுத்தால் குழாயின் கிருமிதான் ரிப்போர்ட்டாக வரும்.

சர்க்கரைப் புண்ணில் மேலாகப் பஞ்சு தேய்த்து எடுத்தால் போதுமா? சுத்தம் செய்தபின் அடியிலிருந்து எடுக்கும் சதைத் துணுக்கு நம்பகமானது.

சீட்டில்லாமல் மருந்துக்கடையில் கிடைக்கிறதே? 2014 மார்ச் முதல், சீட்டில்லாமல் விற்கக் கூடாத ஹெச்1 பட்டியல் மருந்துகளுக்குப் பெயரெழுதிப் பதிவேடு வைக்க வேண்டும் என்பது சட்டம். உங்கள் பெயரை யாராவது கேட்டார்களா?

நோயாளியைக் காரைக்காலிலிருந்து நாகைக்கோ தஞ்சைக்கோ மாற்றினால் எதைக் கொண்டுபோக? மாநில எல்லை தாண்டுகிறீர்கள், ஆகவே பழைய ரிப்போர்ட் எல்லாவற்றையும். மாதிரி எடுத்தபோது எந்தக் குழாய், எத்தனை நாள் உள்ளே இருந்தது என்பதையும் அதன் ஓரத்தில் எழுதிவையுங்கள்.