ஷூவுக்குள்ள ஒளிஞ்சிருக்கிற தோல் துருவல்

வாணியம்பாடி, ஆம்பூர் தோல் ஷாப்புகள்ல வெட் புளூ தோலை ஒரே கனத்துக்குச் சீவுவாங்க. உதிர்கிற நீலத் துருவலை என்ன செய்யறது? கொளுத்தக் கூடாது. அதிலுள்ள குரோமியம் 3, நச்சான குரோமியம் 6 ஆக மாறலாம்.

ஒரு வழி இருக்கு. தண்ணீரில் அரைத்து நாராக்கி, ரப்பர் பால் கலந்து திரியவைத்து, அழுத்திக் காயவைத்தால் லெதர் போர்டு. சில ஷூக்களின் இன்சோல் இதுதான். ரப்பர் பிடிச்சுக்கும், இழை இழுவிசையைத் தாங்கும். கண்ணாடியிழை பிளாஸ்டிக்கிலும் இதே கதைதான்.

சூட்சுமம் அரைக்கிறதுல. ரொம்பப் பொடியாக்கினா இழை அறுந்துடும். மிஞ்சுவது பெரும்பாலும் இடத்தை அடைக்கிற நிரப்பி. (எல்லாப் பொடியும் அப்படியில்லை. கரிப்பொடி சேர்ந்தாத்தான் டயர் ரப்பர் தேய்மானத்தைத் தாங்குது.)

ஆனா போர்டுக்குள்ளயும் குரோமியம் அப்படியேதான் இருக்கு. பழைய ஷூவைக் குப்பையோட கொளுத்தினா, முதல் கேள்விக்கே திரும்பி வந்துடுறோம்.