துடுப்பு ஓய்ந்தாலும் தோழமை ஓயாது!

திண்டிவனத்திலோ விழுப்புரத்திலோ மழையால் மைதானம் சேறானால் கபடிக் குழு கூடாது. பல நாள் கூடாவிட்டால் குழுவே கலைந்துவிடும். படகுச் சங்கங்களுக்கும் இதே கவலைதான். எட்டுப் பேர் துடுப்பு வலிக்கும் படகில் ஒருவர் குறைந்தாலும் பந்தயம் இல்லை.

சென்னை அடையாற்றங்கரையில் உள்ள மெட்ராஸ் போட் கிளப் 1867-ல் பிறந்தது. 1898-ல் கொழும்பு வீரர்களுடன் போட்டி தொடங்கியது. உலக யுத்தம் போட்டியைத் தடுத்தது, உறவைத் தடுக்கவில்லை. மீண்டும் படகுகள் பாய்ந்தன!

2020-ல் கொரோனா வீரர்களை வீட்டில் அடைத்தது. 2021 பிப்ரவரியில் உலகப் போட்டி எப்படி நடந்தது தெரியுமா? அவரவர் ஊரிலேயே துடுப்பு இயந்திரத்தை இழுத்தார்கள். இணையம் அவர்களைச் சேர்த்தது.

கை ஒடிந்தவர் கரையில் நின்று நேரம் குறிக்கலாம். முதியவர் இளைஞருக்குக் கற்றுத் தரலாம். வராதவரை வீடு தேடிப் போய் விசாரிக்கலாம். நின்ற படகை நாளை ஓட்டலாம். பிரிந்த ஆளைச் சேர்ப்பதுதான் கடினம்!