ஒரே பதில், இரண்டு நேரம்

ஒரகடம், இருங்காட்டுக்கோட்டை, சுங்குவார்சத்திரம் பக்கத்து ஆலைகளில் டோக்கன் நம்பர்தான் தொழிலாளியின் அடையாளம். சம்பளச் சீட்டு பார்க்கும் தளத்திலும் அதே நம்பர் லாகின் பெயராக இருந்தால், எதைத் தவறாக அடித்தாலும் திரை ஒன்றையே சொல்லும்: 'எண்ணோ கடவுச்சொல்லோ தவறு.' எந்த நம்பர் உண்மையானது என்று வெளியாள் அறியக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. ஆனால் திரை மறைப்பதைக் கடிகாரம் சொல்லிவிடுகிறது. பட்டியலில் இல்லாத நம்பர் என்றால் சர்வர் தேடிப் பார்த்த கையோடு 'தவறு' என்கிறது. இருக்கிற நம்பர் என்றால், அடித்த கடவுச்சொல்லைச் சங்கேதமாக மாற்றி, சேமித்ததோடு ஒப்பிட்ட பிறகே அதே 'தவறு' வரும். 1999-இல் வந்த பிகிரிப்ட் போன்ற முறைகள், திருடன் வேகமாக ஊகித்துப் பார்க்க முடியாதபடி வேண்டுமென்றே மெதுவாக வேலை செய்பவை. கால் விநாடிகூட ஆகலாம். பாதுகாப்புக்கென்று வைத்த அந்தத் தாமதமே ஆளைக் காட்டிக்கொடுக்கிறது.

இல்லாத பெயருக்கும் ஒரு போலிக் கணக்கீட்டைச் செய்து நேரத்தைச் சமன் செய்தால் போதாதா? உலகெங்கும் சர்வர்களுக்குள் நுழையப் பயன்படும் ஓப்பன்எஸ்எஸ்எச் அதைத்தான் செய்தது. போலிக் கணக்கீடு பிளோஃபிஷ் என்ற சங்கேத முறையில் நடந்தது. உண்மைப் பயனர்களின் கடவுச்சொற்களோ பல சர்வர்களில் ஷா-256, ஷா-512 என்ற வேறு முறைகளில் இருந்தன. பத்தாயிரம் எழுத்து நீளக் கடவுச்சொல்லை அனுப்பினால் பிளோஃபிஷ் முதல் 72 பைட்டோடு நிறுத்திக்கொள்ளும். ஷா கடைசி எழுத்துவரை அரைத்துக்கொண்டிருக்கும். பதில் சீக்கிரம் வந்தால் அந்தப் பெயர் இல்லை. 2016 ஜூலையில் இது வெளியானது, 7.3 பதிப்பில் சரிசெய்தார்கள். போலி வேலையும் அதே முறையில், அதே பளுவோடு நடந்தாக வேண்டும் என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான்.

இணைய நெரிசலில் இந்த வித்தியாசம் கரைந்துபோகும் என்பார்கள். கரையாது. திரும்பத் திரும்ப அளந்தால் இணையம் வழியாகவே 15 முதல் 100 மைக்ரோவிநாடி வித்தியாசத்தைப் பிடிக்கலாம் என்று கிராஸ்பி, வாலக், ரீடி என்ற ஆய்வாளர்கள் மூவரும் 2009-இல் காட்டினார்கள். கால் விநாடி அதற்கு முன் மலை. இடையிடையே தற்செயல் தாமதம் சேர்ப்பதும் உதவாது; சராசரி எடுத்தால் அது அடிபட்டுப்போகும். 'நம்பர் இருப்பது தெரிந்தால் என்ன நஷ்டம்?' என்ற கேள்விதான் எனக்குக் கவலை தருகிறது. நம்பர்கள் வரிசையாகப் போடப்பட்டிருந்தால் ஒரே இரவில் முழுப் பட்டியலும் கைக்கு வந்துவிடும். பிறகு எல்லாருக்கும் பொதுவாகக் கொடுத்த ஆரம்பக் கடவுச்சொல்லை ஒவ்வொரு கணக்கிலும் ஒரே ஒரு முறை போட்டுப் பார்த்தால், மூன்று தவறுக்குப் பூட்டும் ஏற்பாடு அசையாது. ஒப்பந்தத் தொழிலாளி நிறைந்த இடத்தில், எந்த நம்பர் நேற்றுவரை இருந்து இன்று இல்லை என்பதும் ஒருவருடைய பிழைப்பைப் பற்றிய செய்தி. இங்கே யார் வந்து தாக்கப்போகிறார்கள் என்ற நம்பிக்கைக்கும் இடமில்லை. வழி வேறு என்றாலும், 2017 மே மாதம் கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்ட வான்னாக்ரை தாக்குதலில் ஒரகடம் ரெனோ-நிசான் ஆலையும் மாட்டியது.

சோதிப்பது கடினமில்லை. பூட்டும் ஏற்பாட்டைச் சோதனைக்காக நிறுத்திவைத்து, உள்ள நம்பர், இல்லாத நம்பர் இரண்டையும் ஆயிரம் முறை அடித்து நேரத்தைக் குறித்தால் போதும். 'கடவுச்சொல் மறந்துவிட்டதா' பக்கத்தையும் விடக் கூடாது: உண்மையான நம்பருக்கு மட்டும் ஓடிபி அனுப்பி முடியும்வரை அந்தப் பக்கம் காத்திருந்தால், லாகினில் அடைத்த ஓட்டை அங்கே திறந்தே கிடக்கும்.