லீவு வந்தாச்சு... கைவைத்தியம் எதுவரை?

காலாண்டுப் பரீட்சை முடிந்ததும் வீட்டுக்கு வீடு ஒரே குரல்தான்: "பாட்டி ஊருக்குப் போலாம்ப்பா!" தாராளமாகப் போகட்டும். மரம் ஏறி, கிணற்றில் குதித்து, முட்டியைச் சிராய்த்துக்கொண்டு வளர்வது பிள்ளைகளுக்கு நல்லதே. அந்த வாரத்தில் வரும் கஷ்டங்களில் எது பாட்டியின் அஞ்சறைப் பெட்டிக்குள் அடங்கும், எது அடங்காது என்பது மட்டும் பெரியவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அப்பா, அம்மா, பாட்டி, ஆறாவது படிக்கும் பையன், இரண்டாவது படிக்கும் பெண். இப்படி ஒரு குடும்பத்தின் லீவு வாரத்தைப் பார்ப்போமா?

முதல் நாள், பஸ்ஸில் முறுக்கு, வழியில் பஜ்ஜி. ராத்திரி "வயிறு வலிக்குதும்மா" என்று அழுகை. வெறும் பொருமல் என்றால், கொஞ்சம் ஓமத்தை லேசாக வறுத்து, நீர்விட்டுக் கொதிக்க வைத்து வடிகட்டிக் கொடுங்கள். பேதியானால், கொதித்து ஆறிய 1 லிட்டர் நீரில் தலைதட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, தலைதட்டிய அரை டீஸ்பூன் உப்பு கலந்து அடிக்கடி கொடுக்க வேண்டும். அளவு மாறக் கூடாது. பிள்ளை துவண்டு, கண் குழிந்து, சிறுநீர் குறைந்தால் உடனே ஆஸ்பத்திரிதான்.

இரண்டாம் நாள், கொய்யா மரத்திலிருந்து சறுக்கி முட்டியில் ரத்தம். பாட்டி மஞ்சள் டப்பாவைத் தேடுவார். பாட்டி, கொஞ்சம் பொறுங்க! முதலில் சோப்புப் போட்டு, மண் போகும்வரை கழுவுங்கள். மண்ணோடு எதை அப்பினாலும் சீழ் பிடிக்கும். காயம் ஆழமாக இருந்தால் டாக்டரிடம் காட்டி, டி.டி. ஊசி தேவையா என்று கேளுங்கள்.

மூன்றாம் நாள் கிணற்றுக் குளியல். இடுப்பில் சுரைக்குடுக்கை கட்டியிருந்தாலும், நீந்தத் தெரிந்த பெரியவர் ஒருவர் கூடவே தண்ணீரில் இருக்க வேண்டும். மேலே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டு பார்ப்பது காவல் ஆகாது.

நான்காம் நாள் தேனீ கொட்டிவிட்டது. கொடுக்கைச் சீக்கிரம் எடுத்துவிட்டு, கழுவி, ஈரத்துணி போடுங்கள். வலி அடங்கிவிடும். முகம் வீங்கினாலோ, மூச்சுத் திணறினாலோ 108-க்குப் போன் செய்யுங்கள்.

ஐந்தாம் நாள் நடப்பதுதான் பயங்கரம். வேலியோரம் விளையாடும் பிள்ளைகள், நிலக்கடலை மாதிரி ருசிக்கிறதே என்று காட்டாமணக்கு விதையைத் தின்றுவிடுவார்கள். வாந்தியும் பேதியும் கூட்டம் கூட்டமாக வரும். அரளி விதை இதைவிடக் கொடியது, இதயத்தையே தாக்கும். "மூலிகைதானே, ஒண்ணும் செய்யாது" என்ற பேச்சே வேண்டாம். எட்டி, சேராங்கொட்டை போன்றவற்றை முறைப்படி சுத்தி செய்யாமல் மருந்தில் சேர்க்கவே கூடாது என்றுதான் எங்களுக்குக் குணபாடத்தில் சொல்லிக் கொடுத்தார்கள். உப்புக் கரைசல் ஊற்றி வாந்தியெடுக்க வைக்காதீர்கள். மிச்சமிருக்கும் விதையைக் கையோடு எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

ஆறாம் நாள் தெருநாய். "சின்னக் கீறல்தானே" என்று சுண்ணாம்பு வைப்பதும், மந்திரித்து நூல் கட்டுவதும் இன்னும் நிற்கவில்லை. சித்த வைத்தியன் நானே சொல்கிறேன்: வெறிநோய் கண்டுவிட்டால் பிழைப்பது மிக மிக அரிது. எந்தப் பச்சிலையையும் நம்பி நாளைக் கடத்தாதீர்கள். சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். அங்கே தோலில் போடும் தடுப்பூசி என்றால் முதல் நாள், பிறகு 3, 7, 28-ஆம் நாட்கள் என்று போடுவார்கள். ஒன்றைக்கூட விடக் கூடாது. ரத்தம் வந்த கடிக்குக் காயத்தைச் சுற்றியும் ஒரு மருந்து போட வேண்டியிருக்கும். லீவு முடிந்து ஊர் திரும்பினாலும் சீட்டைப் பத்திரமாக எடுத்து வந்து, மிச்ச ஊசியை இங்கே போட்டுக்கொள்ளலாம்.

கடைசியாக ஒன்று. விதை தின்றதையும் நாய் கடித்ததையும் பல பிள்ளைகள் மறைத்துவிடுகிறார்கள். ஏன்? அடி விழும் என்ற பயம்! அதனால் பஸ் ஏறும்போதே சொல்லிவிடுங்கள்: "என்ன ஆனாலும் எங்கிட்ட வந்து சொல்லு கண்ணு, அம்மா திட்ட மாட்டேன்." சொன்னபடி திட்டாமலும் இருங்கள். பையில் எடுத்துப் போகும் எந்த மருந்தையும்விட இந்த ஒரு வார்த்தை உங்கள் பிள்ளையைக் காப்பாற்றும்.