மழை விட்டும் தூவானம் விடவில்லை

கோவிட்-19 தொடர்பான அனைத்துலக நெருக்கடிநிலை முடிந்துவிட்டதாக உலகச் சுகாதார நிறுவனம் 2023 மே 5ஆம் நாள் அறிவித்தது. ஆனால், தொற்று நீங்கியும் மாதக்கணக்கில் நீடிக்கும் களைப்பு, மூச்சுத்திணறல், மறதி ஆகியவை பற்றிய ஆய்வுக் கட்டுரைகள் இன்றும் வெளிவருகின்றன. அவற்றுள் சிலவற்றை ஆண்டுவாரியாக அடுக்கிப் படித்தபோது, ஆய்வாளர்கள் கேட்ட கேள்விகள் படிப்படியாக மாறியதைக் கண்டேன். அதனை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

முதலில் நடந்தது எண்ணும் பணி. ரோம் நகர மருத்துவர்கள், மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய 143 பேரை, நோய் தொடங்கிய ஏறத்தாழ 60 நாள்களுக்குப்பின் ஆராய்ந்தனர். 87.4 விழுக்காட்டினருக்கு ஓர் அறிகுறியாவது எஞ்சியிருந்ததாக 2020 ஜூலையில் 'ஜாமா' ஆய்விதழில் எழுதினர். 2021இல் நோயாளிகளே முன்னின்று நடத்திய ஆய்வு வெளிவந்தது. 56 நாடுகளைச் சேர்ந்த 3,762 பேர் அதில் பங்கேற்றனர். பட்டியலில் 203 அறிகுறிகள் இருந்தன. 'லாங் கோவிட்' என்னும் பெயரும் நோயாளிகளிடமிருந்து பிறந்ததே.

அடுத்து வரையறை தேவைப்பட்டது. ஆளுக்கோர் அளவுகோல் வைத்திருந்தால் ஒரு கட்டுரையை இன்னொன்றோடு ஒப்பிட இயலாது அல்லவா? 2021 அக்டோபரில் உலகச் சுகாதார நிறுவனம் ஒரு வரையறை தந்தது. பொதுவாகத் தொற்று தொடங்கி மூன்று மாதங்களில் அறிகுறிகள் காணப்பட வேண்டும். குறைந்தது இரண்டு மாதம் நீடிக்க வேண்டும். வேறு நோயால் அவற்றை விளக்க முடியாதிருக்க வேண்டும்.

மூன்றாவது கட்டம் ஒப்பீடு. களைப்பும் உடல்வலியும் கோவிட் வராதவர்களுக்கும் உண்டு. எனவே, நெதர்லாந்து ஆய்வாளர்கள் இரு சாராரையும் ஒப்பிட்டு, 2022 ஆகஸ்டில் 'லான்செட்' இதழில் வெளியிட்டனர். தொற்றுக்குப் பின் 90 முதல் 150 நாள்களில், தொற்று கண்டவர்களில் 21.4 விழுக்காட்டினருக்கு முக்கிய அறிகுறிகள் கூடியிருந்தன. தொற்று காணாதவர்களில் 8.7 விழுக்காட்டினருக்கு. வேறுபாடு 12.7. அதாவது, ஏறத்தாழ எட்டில் ஒருவர்.

87.4 எங்கே, 12.7 எங்கே? இரண்டும் உண்மையே. முன்னது மருத்துவமனையில் கிடந்தவர்களை மட்டும் எண்ணியது. பின்னது பொதுமக்களை எண்ணி, பிற காரணங்களால் வருவதைக் கழித்தது. முதல் எண்ணை மட்டும் படித்தவர் அஞ்சுவார்; இரண்டாவதை மட்டும் படித்தவர் "இவ்வளவுதானா?" என்பார். கோவிட் வந்துபோன என் அக்காளுக்கு மாடிப்படி ஏறினால் இன்னும் மூச்சு வாங்குகிறது. "எல்லாம் மனப்பிரமை" என்று அவரிடம் சொன்னவர்களும் உண்டு. எட்டில் ஒருவர் என்பது சிறு தொகையன்று.

இப்போது சிகிச்சை ஆய்வுகள் வருகின்றன. 2024இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் 155 பேரிடம் நடத்திய ஆய்வின் முடிவு வெளியானது. பதினைந்து நாள் 'பேக்ஸ்லோவிட்' உட்கொண்டவர்களுக்கும் ஒப்பீட்டுக் குழுவினருக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. இத்தகைய முடிவும் அச்சேற வேண்டும். பலன் தராத வழி எதுவென்று அடுத்து ஆராய்பவருக்குத் தெரிய வேண்டுமே!

நண்பர்களே, நாளிதழில் ஒரு விழுக்காட்டைக் காணும்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: யாரை எண்ணினார்கள்? யாரோடு ஒப்பிட்டார்கள்? எத்தனை நாள் கழித்துப் பார்த்தார்கள்? விடை தெரிந்தபின் அந்தச் செய்தியைக் குடும்பத்தாருக்கு அனுப்புங்கள்.