நீரிழிவும் நலம் தரும் நுண்ணுயிரிகளும்

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நாடு முழுவதும் நடத்தப்பட்டு 2023-ல் வெளியான ஆய்வு, 10.1 கோடி மக்களுக்கு நீரிழிவு நோய் இருப்பதாகவும், மேலும் 13.6 கோடிப் பேர் அதற்கு முந்தைய நிலையில் இருப்பதாகவும் மதிப்பிட்டது. வாழ்நாள் முழுவதும் மருந்து உட்கொள்ள வேண்டிய இந்நோய்க்கு எளிய வழி ஒன்றை மக்கள் நாடுவது இயல்பே. ‘புரோபயாடிக்’ பானங்களும் மாத்திரைகளும் இரத்தச் சர்க்கரையைக் குறைக்கும் என்னும் நம்பிக்கை இவ்வாறு பரவியதே. அதில் உண்மை எவ்வளவு என்பதை ஆராய்வது அவசியம்.

போதிய அளவில் உட்கொள்ளும்போது உடலுக்கு நலம் பயக்கும் உயிருள்ள நுண்ணுயிரிகளே புரோபயாடிக் எனப்படுகின்றன. லாக்டோபாசில்லஸ், பிஃபிடோபாக்டீரியம் ஆகியவை இவற்றுள் பெரிதும் பயன்படுபவை.

குடலில் வாழும் நுண்ணுயிரிகள், செரிக்காது எஞ்சும் நார்ச்சத்தைப் புளிக்கச் செய்து பியூட்டிரிக் அமிலம் போன்றவற்றை உண்டாக்குகின்றன. இவை குடற்சுவரைப் பேணுவதுடன், இன்சுலின் சுரப்பைத் தூண்டும் ஹார்மோன் வெளிப்படவும் துணைபுரிகின்றன. குடற்சுவர் நலிவுற்றால், பாக்டீரியாக்களின் நச்சுப் பொருள்கள் இரத்தத்தில் கலந்து அழற்சியைத் தோற்றுவிக்கும். இன்சுலினின் செயல் அதனால் தடைப்படும். இச்சீர்கேட்டைப் புரோபயாடிக் தணிக்கக்கூடும் என ஆய்வாளர்கள் கருதுகின்றனர்.

இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவர்களிடம் நடந்த சோதனைகளைத் தொகுத்து நோக்கியபோது, வெறும் வயிற்றுச் சர்க்கரையும், ஏறத்தாழ மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி அளவும் சிறிதளவு குறைந்தமை தெரியவந்தது. ஆனால் அச்சோதனைகளுள் பெரும்பாலானவை சில வாரங்களே நீடித்தவை. குறைந்த எண்ணிக்கையினரிடம் நடத்தப்பட்டவை. நுண்ணுயிரியின் வகையும் அளவும் ஒவ்வொன்றிலும் வேறுபட்டன. ஆகவே எதை, எவ்வளவு, எத்தனை காலம் உண்பது என்பதற்கு அவை உறுதியான விடை தரவில்லை.

வீட்டில் உறையூற்றும் தயிர் நல்ல உணவே. எனினும், அதிலுள்ள நுண்ணுயிரிகள் வீட்டுக்கு வீடு மாறுபடும், கொதிக்கவைத்தால் மடிந்துவிடும். கடைகளில் விற்கும் பானங்கள் பலவற்றில் சர்க்கரை சேர்க்கப்படுகிறது. நோயாளி இதனைக் கவனியாவிடில் பலனுக்கு மாறாகக் கேடே விளையும். நுண்ணுயிரியின் பெயர், வகை, உயிருள்ளவற்றின் குறைந்தபட்ச எண்ணிக்கை ஆகியவை உறைமீது குறிக்கப்பட வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2011-ல் வகுத்த நெறியாகும்.

நோய் எதிர்ப்பாற்றல் மிகவும் குன்றியவர்கள் மருத்துவரைக் கேளாமல் இவற்றை உட்கொள்ளலாகாது. மற்றவர்களுக்கும் இது துணை உணவேயன்றி மருந்துக்கு மாற்றாகாது. கண், சிறுநீரகம், நரம்பு ஆகியவற்றைக் காப்பது முறையான மருந்தும், அளவான உணவும், நாள்தோறும் உடற்பயிற்சியுமே. பானத்தை நம்பி மாத்திரையை நிறுத்துவோர் இழப்பது பெரிது என்பதைச் சுகாதாரப் பணியாளர்கள் மக்களுக்கு எடுத்துரைத்தல் வேண்டும்.